எந்தத் தலைப்பில் எழுத

வீரவநல்லூர் தாண்டி மேற்கே
எங்கள் புழுங்கலரிசி ஆலை.
இருபத்திரண்டு வருஷமாய்ப் பேரேடு என் கையில்.
நெல் ஊறிய தண்ணீர் மூன்றாம் நாள் என்ன வாடை வீசும்
என்பது மட்டும் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.
அது ஓடை வழி வாய்க்காலுக்குப் போகும்,
வாய்க்கால் கீழூருக்குப் போகும்,
கீழூர் கலெக்டருக்கு மனுப் போடும்.
மனுவுக்குப் பதில் தட்டச்சு செய்த கூலி
'இதர செலவு'.

சிங்கப்பூரில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்த
இயக்குநர் குற்றாலநாதன்
ஆபீசுக்குக் கண்ணாடிக் கதவு வைத்தார்.
சுவரில் ஒரு மணக்கும் எந்திரம்,
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மல்லிகை தும்மும்.
கப்பலேறிய பேரெல்லாம் ஒரே சரக்கைக்
கொண்டுவருவதில்லை.

பிறகு ஜெரூஷா வந்தார்.
பாளையங்கோட்டைப் பெண்,
டென்மார்க்கில் மாவு ஆலையொன்றில் ஒன்பது வருஷம்.
முதல் கூட்டத்தில் ஒரு படம் காட்டினார்:
மதியச் சாப்பாட்டு நேரம், நகரத்துத் துறைமுகம்,
கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு
அலுவலர்கள் நீந்துகிறார்கள்.
"நம்ம வாய்க்கால்லயும் குளிக்கத்தானே செய்தாவ"
என்றார் முதலாளி.
"நாம குளிக்கலியே சார்."
மல்லிகை ஒருமுறை தும்மிற்று.

அங்கிருந்து தருவித்த நீர் அளக்கும் கருவி,
ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்,
கஞ்சிப் பசையில் பத்தே நாளில் கண்ணை மூடியது.
"வெள்ளைக்காரன் ஊர்ல நெல்லு ஊறப்போடுதானா மேடம்?"
கொதிகலன் சுடலைக்கண்ணு கேட்டான்.
அவரும் சிரித்தார்.
அன்று ராத்திரி ஒன்பதரை வரை
அவர் அறையில் விளக்கு எரிந்தது.

மறுவாரம் ஒரு தாள் வந்தது. ஒரே வரி.
தண்ணீர் எடுக்கும் குழாயை
நாம் தண்ணீர் விடும் இடத்துக்குக் கீழே மாற்றவும்.

எட்டுக் குழாய், நாலு முழங்கை, ஒரு வால்வு.
பதினோராயிரத்து இருநூறு ரூபாய்.
அவ்வளவு சின்னத் தொகைக்கு அவ்வளவு சத்தத்தை
நான் கேட்டதில்லை.
முதலாளி ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்
வேலை முடிந்தது.

அரிசி மஞ்சளித்தது.
கொல்லத்து வியாபாரி இரண்டு லோடைத் திருப்பினார்.
கொதிகலனுக்குள் பொருக்குக் கட்டியது.
கேண்டீன் டீயை வாயில் வைத்த குற்றாலநாதன்
கண்ணாடிக் கதவு வரை ஓடினார், கதவு திறக்கத் தாமதமானது.
கீழூர் இத்தனை வருஷம் குடித்ததை
நாங்கள் பதினேழு நாள் குடித்தோம்.
முதலாளி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினார்.
"அந்த டென்மார்க்க வரச்சொல்லு" என்பார்.
ராஜினாமாக் கடிதம் ஒன்று
அவர் மேசையில் தேதியில்லாமல் கிடந்ததை
நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் முதலாளியே கேட்டார்:
"அந்த ஊறல் தண்ணிய என்னதாம்மா செய்யணும்?"

மூன்று தொட்டி கட்டினார்கள்.
ஊரார் கொடித்துணியில் போய் விழுந்துகொண்டிருந்த
உமிச் சாம்பலை அள்ளி அள்ளி
சுடலைக்கண்ணுதான் அடுக்கினான், எந்தக் கனத்துக்கு என்று
அவனுக்கும் அவருக்கும் தினமும் சண்டை.
தெளிந்த தண்ணீர் மறுபடி நெல்லுக்கே திரும்பியது.
டென்மார்க்கில் இப்படி இல்லையாம்.
அவர்களிடம் உமி ஏது.
வாடை முழுக்கப் போய்விடவில்லை,
வெள்ளிக்கிழமைகளில் தொட்டி கழுவும்போது வரும்.

ஆடிட்டர் கேட்கிறார்,
இந்தப் பதினோராயிரத்து இருநூறு எந்தத் தலைப்பு?
வெளிநாட்டு அனுபவம் என்று பேரேட்டில் தலைப்பில்லை.
தேய்மானம் போட முடியாது.
ஜெரூஷாவிடமே போய்க் கேட்டேன்,
அங்கே என்னதான் படித்தீர்கள் என்று.
"பெருசா ஒண்ணுமில்ல அண்ணாச்சி.
அங்க எங்க குழாயும் கீழதான் இருந்தது.
முத நாள் அந்தத் தண்ணியில காபி போட்டுக் குடுத்தாங்க.
நல்லா இருந்தது."

'குழாய் பராமரிப்பு' என்று எழுதிவிட்டேன்.

போன வாரம் கீழூரிலிருந்து ஒரு கடிதம்.
பதறிப் பிரித்தேன்.
அம்மன் கொடைக்கு நன்கொடை கேட்டிருந்தார்கள்.